மாலெவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸிமிர் மாலெவிச் 1915-ல் வரைந்த ‘கறுப்புச் சதுரம்’ ஓவியத்தை யாரிடமாவது காட்டினால் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் கோபப்படுவார்கள். நவீன ஓவியம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. இரண்டு மூன்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டவை.

படத்தில் என்னதான் இருக்கிறது?

வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம். அவ்வளவுதான். லினன் துணியில் தைல வண்ணம். அளவு 79.5 × 79.5 சென்டிமீட்டர், ஒரு பக்கம் ஒன்றே முக்கால் முழம்கூட முழுசாக வராது. மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. மனிதர், மரம், வீடு, நிழல் எதுவும் கிடையாது.

ஆனால் இந்தப் பதிலின் முதல் வரியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அது சதுரம் இல்லை.

சதுரம் இல்லையா? பெயரே அதுதானே?

படத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, பள்ளிக்கூட ஸ்கேலை ஓரங்களில் வைத்துப் பாருங்கள். கறுப்பின் பக்கங்கள் கேன்வாஸின் விளிம்போடு ஒத்துப் போகாது. எதிரெதிர்ப் பக்கங்களும் சரியாக இணையாக இல்லை. சுற்றியுள்ள வெள்ளை ஒரு பக்கம் கொஞ்சம் அகலம், இன்னொரு பக்கம் குறைவு. கையால் வரைந்த ஓரம். கோணமானியும் ஸ்கேலும் போட்டுக் கொடுத்த ஓரம் அல்ல.

1915 கண்காட்சிப் பட்டியலில் மாலெவிச் இதற்கு வைத்த பெயர் ‘நாற்கரம்’. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் படித்துப் படித்துச் சொன்ன வித்தியாசம்தான்: எல்லாச் சதுரமும் நாற்கரம், எல்லா நாற்கரமும் சதுரம் அல்ல. ‘கறுப்புச் சதுரம்’ என்பது பின்னால் நிலைத்துவிட்ட பெயர். பழைய பெயரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் கொஞ்சம் அசைவது போல இருக்கும். கச்சிதமான சதுரம் என்றால் கண் ஒரு நொடியில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடும். இது அப்படி விடுவதில்லை. எங்கோ ஏதோ சரியில்லை என்று கண் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது.

என் பையன்கூட இதை வரைவானே?

வரைவான். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் கறுப்புக் கிரேயானைக் கொடுத்து ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் “இது டிவி” என்பான். அல்லது கண், மூக்கு வைப்பான், மேலே ஒரு கூரை போடுவான். எங்கள் வீட்டுக் குட்டி அதற்கு இரண்டு சக்கரம் வைத்து பஸ்ஸாக்கிவிட்டாள். ஒரு வடிவத்தை எதுவாகவும் ஆக்காமல் அப்படியே விட்டுவிடுவது குழந்தைக்கு வராது. பெரியவர்களுக்கும் லேசில் வராது.

மாலெவிச்சுக்கும் உடனே வந்துவிடவில்லை. இதை வரைந்தபோது அவருக்கு 36 வயது. அதற்கு முன் ஒளியையும் நிறத்தையும் சின்னச் சின்னத் தீற்றல்களில் பிடிக்கும் இம்ப்ரெஷனிச பாணியில் வரைந்தார், அறுவடை செய்யும் குடியானவர்களை வரைந்தார், பிக்காஸோ வழியில், பொருள்களைக் கட்டம் கட்டமாக உடைத்துக் காட்டும் கியூபிசம் செய்தார். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன. பார்த்தால் கை தேர்ந்தவர் என்று யாருக்கும் தெரியும். ‘வரையத் தெரியாததால் சதுரம் போட்டார்’ என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

சரி, எப்படித்தான் பார்ப்பது?

முதலில், செல்போனில் பார்த்ததை மறந்துவிடுங்கள். சின்னத் திரையில் இது ஏதோ ஐகான் மாதிரித் தெரியும். கலைக்கூடங்கள் வெளியிடும் பெரிய அளவுப் புகைப்படம் ஒன்றைக் கணினியில் திறந்து, நன்றாகப் பெரிதாக்கி, கறுப்பின் ஒரு மூலையில் இருந்து தொடங்குங்கள்.

முதலில் தெரிவது, கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை என்பது. உடம்பெல்லாம் விரிசல். கோடையில் ஏரி காய்ந்து களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்குமே, அப்படி. விரிசல்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் சில இடங்களில் வெளிர் நிறமும், சில இடங்களில் கீழே இருக்கும் வேறு வண்ணங்களும் மினுங்கும்.

அடுத்து ஓரத்துக்கு வாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் பிரஷ் போன தடம் தெரியும். வெள்ளையும் சும்மா விட்ட துணி கிடையாது. அதுவும் பூசிய வண்ணம்தான், திட்டுத் திட்டாக, லேசாக மஞ்சள் தட்டி. எது முன்னால், எது பின்னால் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைச் சுவரின் முன் கறுப்புப் பலகை நிற்கிறதா, வெள்ளைச் சுவரில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்திருக்கிறதா? ஒரு நிமிடம் ஒன்றாகத் தெரியும், அடுத்த நிமிடம் மற்றதாகத் தெரியும். எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே இந்த ஊசலாட்டம்தான். தத்துவமெல்லாம் அப்புறம்.

ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் முறைத்துக்கொண்டு நின்றால் தலைவலிதான் வரும்.

விரிசல்கள் வேண்டுமென்றே செய்தவையா?

இல்லை. மாலெவிச் புதிய கேன்வாஸ் எடுக்கவில்லை. ஏற்கெனவே வரைந்திருந்த படத்தின் மேலேயே கறுப்பைப் பூசினார். தைல வண்ணம் காய நாளாகும். அடியில் இருப்பது முழுக்கக் காயும் முன் மேலே இன்னொரு படலம் போட்டால், இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்காது. மேல் படலம் வெடிக்கும். அவசரத்தின் அடையாளம் இது. அந்த வருடம் அவர் நிறைய அவசரத்தில்தான் இருந்தார். கண்காட்சிக்கு முன் தன் புதிய பாணியை யாராவது முந்திக்கொண்டு காட்டிவிடுவார்களோ என்ற பயம்.

அடியில் வேறு படம் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது, ஒன்றல்ல இரண்டு. 2015-ல் திரெத்தியாகோவ் கலைக்கூடத்து ஆய்வாளர்கள் எக்ஸ்-ரே உள்ளிட்ட முறைகளில் சோதித்து அறிவித்தார்கள். ஆக அடியில் கியூபிசமும் எதிர்காலவாதமும் (வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய பாணி) கலந்து ஒரு படம். அதற்கு மேல் வண்ண வடிவங்கள் கொண்ட இன்னொரு படம். பின்னால் அவர் வரையப்போகும் பாணியின் ஆரம்பம் அது. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு. விரிசலுக்குள் எட்டிப் பார்க்கும் நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கும் இதுவே பதில்.

வெள்ளை ஓரத்தில் ஏதோ எழுதியிருக்கிறதாமே?

அதே ஆய்வில் பென்சில் எழுத்து ஒன்றும் தெரிந்தது. ‘இருட்டுக் குகையில் கறுப்பர்களின் சண்டை’ என்ற பொருளில் அதைப் படித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் நகைச்சுவையாளர்களிடம் புழங்கிய ஒரு ஜோக் இது. முழுக்கக் கறுப்பான ஒரு செவ்வகத்தை அல்போன்ஸ் அலே என்பவர் இந்த மாதிரித் தலைப்போடு 1897-ல் அச்சிட்டும் இருக்கிறார். நிறவெறி ஜோக், இன்று படித்தால் சிரிப்பு வராது. எழுதியது மாலெவிச்தானா, பின்னால் யாரோ கிறுக்கியதா என்பதில் நிபுணர்களிடையே சண்டை ஓயவில்லை. படத்தைக் கேலி செய்து பார்வையாளர் ஒருவர் கிறுக்கியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

முதல் கண்காட்சியில் அதை ஏன் மூலையில், உயரத்தில் மாட்டினார்?

இதுதான் கதையின் முக்கியமான இடம்.

பெட்ரோகிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், 1915 டிசம்பரில் ‘கடைசி எதிர்காலவாத ஓவியக் கண்காட்சி 0,10’ என்று ஒன்று நடந்தது. தலைப்பில் உள்ள பூஜ்யம், பழைய கலையெல்லாம் முடிந்து தொடக்கத்துக்கு வந்துவிட்டோம் என்பதைக் குறித்தது. பத்து என்பது முதலில் திட்டமிட்டிருந்த ஓவியர்களின் எண்ணிக்கை. கடைசியில் கலந்துகொண்டவர்கள் 14 பேர். அதில் மாலெவிச்சின் படங்கள் மட்டும் 39.

அவருடைய அறையின் புகைப்படம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. சுவரெங்கும் படங்கள் மேலும் கீழுமாக, நெருக்கமாக. மூலையில் ஒரு மர நாற்காலி, யாரோ எழுந்துபோனது போலக் காலியாக. அதற்கு மேலே கண்ணை உயர்த்தினால், இரண்டு சுவரும் சேரும் மூலையில், கூரையை ஒட்டி, மூலைக்குக் குறுக்காக அந்தக் கறுப்பு.

பழைய ரஷ்ய வீடுகளில் அந்த மூலைக்கு ‘கிராஸ்னி ஊகல்’ என்று பெயர். ‘கிராஸ்னி’ என்றால் இன்றைய ரஷ்ய மொழியில் சிவப்பு. பழைய வழக்கில் அழகு என்ற பொருளும் உண்டு. கிறிஸ்துவும் மாதாவும் புனிதர்களும் தீட்டப்பட்ட ஐகான் படங்களை அங்கேதான் வைப்பார்கள். வீட்டுக்குள் வருபவர் முதலில் அந்த மூலையைப் பார்த்துச் சிலுவைக்குறி போட்டு வணங்கிய பிறகுதான் மற்ற பேச்சு. நம் பூஜை அலமாரியில் இருந்த சாமி படத்தை எடுத்துவிட்டு ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் வீட்டில் என்ன நடக்கும்? அதே ரகளைதான் அங்கும். மூத்த ஓவியரும் விமர்சகருமான அலெக்ஸாண்டர் பெனுவா, மாதா படத்தின் இடத்தில் இந்த எதிர்காலவாதிகள் வைத்திருக்கும் ஐகான் இது என்று கண்டித்து எழுதினார். திட்டினாலும், படம் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு திட்டியவர் அவர்.

மூலை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நான் வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்தேன். கடையில் கறுப்புச் சார்ட் பேப்பர் வாங்கினேன். ஒன்று போதவில்லை, இரண்டை ஒட்டி, வெள்ளைச் சார்ட்டில் ஓரம் விட்டு, முதலில் ஹாலின் நடுச் சுவரில் மாட்டினேன். சுவரில் ஏதோ தாள் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கூரைக்குக் கீழே மூலையில் குறுக்காக, செலோ டேப் போட்டு நிறுத்தினேன். இப்போது தாளுக்குப் பின்னால் ஒரு முக்கோண இடம் காலியாக இருந்தது. தாள் சுவரைச் சேர்ந்ததாகவே தெரியவில்லை. அறைக்குள் கொஞ்சம் சாய்ந்து நம்மைப் பார்ப்பது போல இருந்தது. அம்மா உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். “ஒட்டடை அடிக்கிற எடத்துல என்னடா கறுப்பா?” என்றார். மூன்றாம் நாள் டேப் விட்டு, தாள் சாம்பார்ச் சட்டியின் மேல் விழாமல் தப்பியது. அதோடு கண்காட்சி முடிந்தது.

அந்தக் கண்காட்சியில் அடிதடி நடந்ததாமே?

விளாதிமிர் தாத்லினும் மாலெவிச்சும் ஒருவரையொருவர் சகிக்க முடியாதவர்கள். தாத்லின் இரும்பு, மரம், கயிறு கொண்டு சிற்பம் போன்ற படைப்புகளை அதே கண்காட்சியில் வைத்திருந்தார். அவரும் ஒன்றை மூலையில்தான் கட்டித் தொங்கவிட்டார். மாலெவிச்சின் படங்கள் தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையே இல்லை என்பது அவர் கட்சி. இருவரும் கைகலந்ததாகச் சொல்வார்கள்.

வரைந்தது 1913-ஆ, 1915-ஆ?

1915. ஆனால் மாலெவிச் 1913 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது முழுப் பொய்யும் அல்ல. 1913-ல் ‘சூரியன் மீது வெற்றி’ என்ற இசை நாடகத்துக்கு அவர் உடைகளும் திரைகளும் வடிவமைத்தார். அந்த வரைவுகளில் ஒன்றில் ஒரு சதுரம், மூலைவிட்டம் போட்டு, ஒரு பாதி கறுப்பாக இருக்கிறது. கரு அங்கே உதித்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1915-ல் நாடகத்தின் இசையமைப்பாளர் மத்யூஷினுக்குக் கடிதம் எழுதி, அந்தத் திரை வரைவுக்கு முக்கியத்துவம் கேட்டார். எல்லோருக்கும் முன்னால் நான் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. ஓவியர்களுக்கு இது புதிதல்ல.

சுப்ரமாட்டிசம் என்றால்?

மாலெவிச் தன் பாணிக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். ஓவியத்தில் பொருள்களின் உருவம் முக்கியமில்லை, வண்ணத்தின், வடிவத்தின் உணர்வே தலையாயது என்ற பொருளில். 0,10 நேரத்திலேயே இதற்கென்று ஒரு சிறு பிரசுரமும் வெளியிட்டார். படித்தால் பாதி புரியும், பாதி முழக்கம். படங்களைப் பார்ப்பதே மேல்.

எத்தனை கறுப்புச் சதுரங்கள் இருக்கின்றன?

மாலெவிச் கையால் நான்கு. முதலாவது 1915. இரண்டாவது 1923-ஐ ஒட்டி, சுமார் 106 சென்டிமீட்டர் பக்கம். கறுப்புச் சிலுவை, கறுப்பு வட்டம் ஆகியவற்றோடு சேர்ந்த மூன்று படங்களில் ஒன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது 1929, திரெத்தியாகோவில். முதல் படம் ஏற்கெனவே வெடித்துப் போயிருந்ததால் தன் தனிக் கண்காட்சிக்காகப் புதிதாக வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. நான்காவது எல்லாவற்றிலும் சிறியது, 53.5 சென்டிமீட்டர், 1930-களின் தொடக்கத்தில் வரைந்தது. அது ஒரு ரஷ்ய வங்கியின் வசம் இருந்தது. வங்கி திவாலாகி, 2002-ல் விளாதிமிர் போதானின் என்ற தொழிலதிபரின் சுமார் 10 லட்சம் டாலரால் அரசுக்கு வந்து, இப்போது எர்மிட்டாஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘அசல் எது?’ என்று கேட்டால், 1915-ஐத்தான் காட்டுவார்கள். எனக்கும் விரிசல் விழுந்த அதுதான் பிடிக்கும். மற்றவை சுத்தமாக இருக்கின்றன; சுத்தமாக இருப்பதாலேயே கொஞ்சம் மௌனமாகவும் இருக்கின்றன.

சந்தையில் விலை?

கறுப்புச் சதுரம் விற்பனைக்கு வராது. 1916-ல் அவர் வரைந்த ‘சுப்ரமாட்டிஸ்ட் கம்போஸிஷன்’ ஒன்று 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 8.58 கோடி டாலருக்குப் போனது. அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் ரஷ்யரா, உக்ரைனியரா?

1879-ல் கீவ் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்துக்காரர்கள். அப்பா சர்க்கரை ஆலைகளில் வேலை பார்த்ததால் உக்ரைன் கிராமங்களில் வளர்ந்தார்; அங்கே குடியானவர்கள் வீட்டுச் சுவரிலும் அடுப்பிலும் தீட்டிய அலங்காரங்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்று பின்னால் எழுதினார். தொழில் வாழ்க்கை மாஸ்கோ, பெட்ரோகிராட், இன்றைய பெலாரஸில் உள்ள வீடெப்ஸ்க். யார் சொந்தம் கொண்டாடுவது என்ற வாதம் இப்போது சூடாக நடக்கிறது; ஒரே வார்த்தையில் முடிகிற பதில் இல்லை.

சோவியத் ஆட்சியில் என்ன ஆனது?

புரட்சிக்குப் பிறகு சில வருடம் நல்ல காலம். வீடெப்ஸ்கில் அவரைச் சுற்றி மாணவர் கூட்டமே சேர்ந்தது. சட்டைக் கையில் கறுப்புச் சதுரத்தைத் தைத்துக்கொண்டு திரிந்தார்கள். 1927-ல் வார்ஸாவுக்கும் பெர்லினுக்கும் போனவர் அவசரமாக ஊர் திரும்ப வேண்டி வந்தது. பல படங்களை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டு வந்தார். ஆம்ஸ்டர்டாமில் இன்று இருக்கும் பெரிய தொகுப்பு அப்படித் தப்பியதுதான். 1930-ல் கைதாகிச் சில மாதம் சிறையில் இருந்தார். ஸ்டாலின் காலத்தில் அரசு ஒப்புக்கொண்ட பாணி ஒன்றே ஒன்று. சதுரம் கிடங்குக்குப் போனது. மக்கள் மீண்டும் பார்க்க 1980-கள் வரை ஆயிற்று.

1935-ல் லெனின்கிராடில் (பெட்ரோகிராடின் அப்போதைய பெயர்) புற்றுநோயால் இறந்தார். படுக்கையின் தலைமாட்டில் சுவரில் கறுப்புச் சதுரம் மாட்டியிருந்தது. சவ ஊர்தியின் முகப்பிலும் ஒரு சதுரம். மாஸ்கோவுக்கு வெளியே நெம்சினோவ்காவில் அஸ்தியைப் புதைத்த இடத்தில் மாணவர் நிகோலாய் சுயேதின் வடிவமைத்த வெள்ளைக் கனசதுரம் ஒன்றை நட்டார்கள், அதன் முகத்தில் கறுப்புச் சதுரம். போர்க்காலத்தில் அது தொலைந்துபோனது.

மாண்ட்ரியான் படங்களும் இதே வகைதானா?

பார்ப்பதற்குச் சொந்தக்காரர்கள் போல இருப்பார்கள், வந்த வழி வேறு. டச்சு ஓவியர் மாண்ட்ரியான் மரங்களை வரைந்து வரைந்து, கிளைகளைக் கோடுகளாக்கி, கடைசியில் கோடும் மூன்று வண்ணமும் மிஞ்சும்படி வந்து சேர்ந்தவர். அவர் கட்டங்களில் ஒரு சமநிலை உண்டு. மாலெவிச்சிடம் அது கிடையாது, வடிவங்கள் காற்றில் மிதக்கும். ஒரு வேடிக்கை: மாண்ட்ரியான் ஒட்டு நாடாவில் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ பல பத்தாண்டுகளாகத் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம் என்று 2022-ல் தெரியவந்தது. திருப்பி மாட்டினால் நாடா அறுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதைப் பார்த்தாயிற்று. அடுத்து?

மூன்று படங்கள், இந்த வரிசையில்.

1915-ன் சிவப்புச் சதுரம். அதன் தலைப்பில் ‘இரண்டு பரிமாணங்களில் ஒரு குடியானவப் பெண்’ என்று வருகிறது. மேல் வலது மூலை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது, நடையைக் கட்டியது போல.

1918-ன் ‘வெள்ளை மீது வெள்ளை’, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். ஒரு வெள்ளை கொஞ்சம் சூடு, ஒரு வெள்ளை கொஞ்சம் குளிர்ச்சி. சாய்ந்த சதுரத்தின் ஓரத்தில் பென்சில் தடம்கூடத் தெரியும்.

கடைசியாக 1933-ன் சுயசித்திரம். உருவமே வேண்டாம் என்றவர், மறுமலர்ச்சிக் காலத்துப் பிரமுகர் போலச் சிவப்பும் பச்சையும் உடுத்திக்கொண்டு, ஒரு கையை முன்னால் விரித்து நிற்கிறார். முகம், தொப்பி, விரல்கள் எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. கீழே வலது மூலையில் கையெழுத்தைத் தேடுங்கள். பெயர் இருக்காது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும்.